புகையின் எடை

புனலூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி வழக்கம்போல முக்க ஆரம்பித்தது. வெள்ளத்துரை கியரைக் குறைத்தான். பின்பெட்டி காலி. எலுமிச்சை மூட்டைகளைக் கொல்லம் சந்தையில் இறக்கிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். புத்தம் புதிய பிக்கப், அதுவும் காலி வண்டி, இப்படி முக்கினால் பார்க்கிறவன் சிரிப்பான். ஆனால் அந்தச் சாலையில் சிரிக்க ஆளில்லை. முன்னால் போன டீசல் வண்டியும் முக்கியது, பின்னால் வந்ததும் முக்கியது. எல்லாரும் அவரவர் புகையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

புகையை வெளியே விடக்கூடாது என்று சட்டம் வந்தபோது, மின்வண்டி வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் புகைவாங்கி வந்தது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் பீரோ மாதிரி நிற்கும் பெட்டி. எஞ்சின் விடும் கரிப்புகை முழுவதையும் அது விழுங்கி, சுண்ணத்தூளோடு சேர்த்து அழுத்தி, வெள்ளைச் செங்கல்லாகத் தட்டில் தள்ளும். அதுதான் புகைக்கல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் அதன் எடையைப்போல மூன்று மடங்கு புகை வரும் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. காற்றில் விட்டவரைக்கும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லையே! இப்போது டாங்கி குறையக் குறைய வண்டி கனத்தது.

'மலைக்காளை' என்று பெயர் வைத்து விற்ற கம்பெனி, லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தது. முகப்புத் திரை பதினொன்று காட்டியது. வெள்ளத்துரை வண்டியைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தான், ஏசிப் பார்த்தான், டயருக்குக் காற்றைக் கூட்டிப் பார்த்தான். திரை பதினொன்றிலேயே நின்றது.

வாரத்துக்கு ஒரு டாங்கிதான் டீசல். கொல்லத்துக்கு லோடு அடிப்பதும் அதிலேதான், கோமதியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போவதும் அதிலேதான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இருமுறை இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருமுறை பேருந்தில் போய்த் திரும்பும்போது படியிலேயே மயங்கி விழுந்து நெற்றி கிழிந்தது. அதற்குப்பிறகு அவளைப் பேருந்தில் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை. பதினெட்டை நம்பித்தான் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினான். பதினொன்றில் லோடு அடித்தால் அவள் போக முடியாது. அவள் போனால் லோடு நிற்கும்.

எண்ணெய் நிலையத்தில் புகைக்கல்லை எடைபோட்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த டாங்கி நிரப்புவார்கள். எரித்த டீசலுக்கு ஈடான கல் வர வேண்டும். குறைந்தால் புகையைத் திருட்டுத்தனமாக வெளியே விட்டிருக்கிறாய் என்று பொருள். அந்த அளவு அடுத்த வாரப் பங்கில் பிடித்தம். நிலைய அதிகாரி மெர்லின் நல்லவள்தான். அவளிடம் போய் நின்றான்.

"மேடம், கம்பெனிக்காரன் பதினெட்டுன்னான். பதினொண்ணுதான் குடுக்கு."

"அது புகைவாங்கிய அணைச்சுப்போட்டு, கல்லு சுமக்காம, சமவெளியில ஓட்டி எடுத்த கணக்கு அண்ணாச்சி. சின்ன எழுத்துல போட்டிருப்பான். யாரு படிக்கா?"

"அப்ப திருநெல்வேலி போற அன்னைக்கு மட்டும் அந்தப் பெட்டிய அணைச்சிக்கிடட்டுமா? சீக்காளியத்தான் ஏத்திட்டுப் போறேன். நீங்களே வந்து பாருங்க."

மெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விதிவிலக்கு ஒண்ணுதான் இருக்கு. ஆம்புலன்ஸ் எல்லாம் மின்சாரத்துக்கு மாறிட்டு. அமரர் ஊர்தி மட்டும் மாறல. பிரேதம் ஏத்துன வண்டிக்குத்தான் அணைக்க அனுமதி. உசுரோட போறவங்களுக்கு இல்ல."

"நல்ல சட்டம்" என்றான் வெள்ளத்துரை.

வழி காட்டியது சங்கரபாண்டி. அவனைவிட மூத்தவர், அதே பாதையில் அதே வண்டியை ஓட்டுகிறவர். இரண்டு ஓட்டுநர்கள் எதிரெதிரே வந்தால் அந்தப் பக்கத்தில் நலம் விசாரிப்பதில்லை, "எவ்வளவு குடுக்கு?" என்றுதான் கேட்பார்கள். சங்கரபாண்டிக்குப் பதின்மூன்று கொடுத்தது.

"பெரிய மாயமந்திரம் ஒண்ணும் இல்லடே. வாரம் பூராவும் கல்ல எதுக்குச் சொமக்கே? ஊருக்கு வந்ததும் இறக்கிப் போட்டிரு. எடை போடுத அன்னைக்கு அள்ளிக்கிட்டுப் போ."

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. லாரி இறங்க ஒரே ஒரு சரிவுப்பாதை, மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. அதன் அடியில் ஆளுக்கொரு குவியலாகக் கற்களை அடுக்கி, குவியல்மேல் அவரவர் அடையாளத்தைப் பெயிண்டில் போட்டிருந்தார்கள். வெள்ளத்துரை வேல் போட்டான். பதினொன்று பதின்மூன்றானது. பதின்மூன்று போதும். லோடும் நின்றுபோகவில்லை, கோமதியும் இரண்டு முறை தவறாமல் போய்வந்தாள். அவள் முகத்திலிருந்த வீக்கம் வடிந்தது. பழையபடி அவனைக் கேலி செய்யக்கூட ஆரம்பித்தாள். "பொண்டாட்டிய விட அந்தத் திரையத்தான் நிறைய நேரம் பாக்கீங்க" என்பாள். அந்த மாதம் வெள்ளத்துரை உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான்.

ஆடி முடிந்ததும் எலுமிச்சை விலை விழுந்தது. அது அந்த ஊருக்குப் புதிதில்லை. விலை விழுந்தால் பறித்த கூலிகூடத் தேறாது. கமிஷன் கடை வாசலிலேயே மூட்டைகள் அழுகும். முன்பெல்லாம் சாலை ஓரத்தில் கொட்டுவார்கள். இப்போது ஓட்டுநர்கள் எல்லாரும் எப்படியும் குவாரிக்குப் போகிறவர்கள்தானே? போகிற போக்கில் பழத்தையும் அங்கேயே கொட்டினார்கள். மஞ்சள் பழம் சரிந்து வெள்ளைக்கல் குவியல்களை மூடியது. மேலே டயர் ஏறி நசுக்கியது. அதன்மேல் சாரல் பெய்தது.

ஒவ்வொரு புகைக்கல்லின் நெற்றியிலும் ஒரு வரி அச்சாகியிருந்தது: அமிலம் படாமல் வைக்கவும். அதை எல்லாரும் படித்திருந்தார்கள். அமிலம் என்றால் பேட்டரிக்கு ஊற்றுவது. அதைக் கல் பக்கமே அவர்கள் கொண்டுபோனதில்லை. எலுமிச்சை பழம். பிறந்ததிலிருந்து அதன் வாசத்திலேயே கிடந்தவர்கள். சாதத்தில் பிழிந்தார்கள், சாமிக்கு மாலை கட்டினார்கள், புதுவண்டிக்கு டயரடியில் வைத்து நசுக்கினார்கள். அதை யார் அமிலம் என்று நினைப்பார்கள்?

அடுத்த எடையில் வெள்ளத்துரையின் கல் குறைந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. கல்லெல்லாம் அம்மை வடு விழுந்த முகம்போலக் குழிகுழியாக இருந்தன. மெர்லின் வேறு வழியில்லாமல் பிடித்தம் போட்டாள். அந்த வாரம் கோமதி ஒருமுறைதான் திருநெல்வேலி போனாள். வெள்ளிக்கிழமைக்குள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

கல் குறைந்தது அவனுக்கு மட்டுமல்ல. ஆனால் அடுத்தவனுக்கும் குறைகிறது என்பதை யாரும் நம்பவில்லை.

"எவனோ சுரண்டி எடுத்து அவன் கல்லோட சேக்கான். கண்ணால பாத்தா அந்த இடத்திலேயே வெட்டிருவேன்" என்றான் வெள்ளத்துரை.

"என்னைப் பாத்து ஏன்டே சொல்லுதே?" என்றார் சங்கரபாண்டி.

"குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?"

பல வருடப் பழக்கம் அந்த ஒரு வார்த்தையில் அறுந்தது. வெள்ளத்துரைக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கோமதியின் வீங்கிய கால்தான். காவலுக்கு ஆள் போட முடிவு செய்தான். வெளியாளை நம்ப முடியாது. கோமதியின் தம்பி கசமுத்து இருந்தான். வெள்ளத்துரையின் வண்டியிலேயே மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அக்காவுக்காக என்ன சொன்னாலும் செய்வான்.

முதல் நாள் கசமுத்து பாறை விளிம்பில்தான் உட்கார்ந்தான். சாயங்காலம் வெள்ளத்துரையிடம் சொன்னான்: "ஒரு குருவி வரல அத்தான். ஒருதடவை கீழ எறங்கிப் பாத்தேன். பீடி பத்த வச்சா, தீக்குச்சி உரசுன ஒடனே அணையுது. சாரல்ல நமத்துப்போச்சு போல."

"மேல இருந்தா ஒண்ணும் தெரியாது மாப்ள. குவியலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் குனிஞ்சு நின்னா உனக்கு எப்படித் தெரியும்? கட்டிலக் கொண்டுபோய்க் கீழயே போட்டிரு. பாறை நெழலு இருக்கு. நல்லாத் தூங்கலாம்."

"காவலுக்குப் போற எடத்துல தூங்கவா?" என்று சிரித்தான் கசமுத்து. "ஒரு புதுத் தீப்பெட்டி வாங்கிக் குடுங்க அத்தான், போதும்."

வெள்ளத்துரை வாங்கிக்கொடுத்தான்.

மறுநாள் எடை போடும் நாள். மதியம் காற்று அசையாமல் புழுங்கியது. கல் ஏற்ற வெள்ளத்துரை குவாரிக்கு வந்தான். பின்னாலேயே சங்கரபாண்டியின் வண்டியும் வந்து மேட்டிலேயே நின்றது. இவன் வெளியேறட்டும் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளத்துரை சரிவில் வண்டியை இறக்கினான். பாதி வழியில் எஞ்சின் இருமியது. இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினான். கிறுகிறுவென்று சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை.

"டீசலத்தான் குடிக்கே, ஓடவும் மாட்டேங்கியே" என்று ஸ்டீயரிங்கை ஓங்கி அறைந்தான். எஞ்சினுக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும் என்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்து இறங்கினான். கீழே பாறை நிழலில் கட்டில் தெரிந்தது. கசமுத்து மல்லாந்து படுத்திருந்தான். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நசுங்கிய எலுமிச்சைக்கு அடியிலிருந்து வெள்ளை நுரை பொங்கிக்கொண்டிருந்தது. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் ஒரு மெல்லிய சத்தம் குழி முழுக்கக் கேட்டது.

"ஏ மாப்ள! காவல் பாக்குற லட்சணமா இது? எந்தி!"

பத்தடி நடந்திருப்பான். மூக்கு எரிந்தது. ஓடி வந்தவன்போல மூச்சு இரைத்தது; எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை. முழங்கால் மடங்கியது. கட்டில் இரண்டாகத் தெரிந்தது. மேலே இருந்து சங்கரபாண்டி கத்தியது எங்கோ பக்கத்து ஊரில் கேட்பதுபோல் இருந்தது. பிறகு லோடு கட்டும் கயிறு தோளில் வந்து விழுந்தது. அதை எப்படிப் பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது. அவர் இழுத்துத்தான் அவன் வெளியே வந்தான்.

திரும்பிக் கீழே ஓடப் பார்த்தவனைச் சங்கரபாண்டி மண்ணில் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். "உனக்கும் பொண்டாட்டி இருக்கால்லா? கெடடே, கெட!" என்று அழுதார். முகமூடியும் காற்றுக்குப்பியும் மாட்டிக்கொண்டு வந்த தீயணைப்புக்காரர்கள்தான் கசமுத்துவைத் தூக்கி வந்தார்கள். அவன் கைப்பிடிக்குள் தீப்பெட்டி இருந்தது. கட்டிலுக்குக் கீழே பாதி எரிந்த குச்சிகள் நிறையக் கிடந்தன.

யாரும் எதையும் திருடவில்லை. எலுமிச்சையின் புளிப்பு கல்லை மெல்லத் தின்று, உள்ளே அடைபட்டிருந்த புகையை விடுவித்திருந்தது. அதற்கு நிறமில்லை. காற்றைவிடக் கனம். மேலே எழும்பத் தெரியாமல், கிணற்றில் தண்ணீர் ஊறுவதைப்போல அடியிலிருந்து நிறைந்து நின்றது. தராசில் காணாமற்போன எடை முழுவதும் அந்தக் குழிக்குள்ளேயேதான் இருந்தது. அதற்குத்தான் வெள்ளத்துரை காவல் போட்டிருந்தான்.

பிரேதப் பரிசோதனைக்குத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கேதான் கோமதிக்கும் சிகிச்சை. மறுநாள் அவளுடைய முறை. தவறவிட்டால் அவளும் பிழைக்கமாட்டாள். ஒரு கட்டடத்தில் தம்பியை அறுத்துக்கொண்டிருக்க, எதிர்க் கட்டடத்தில் குழாயைச் செருகிக்கொண்டு அக்கா படுத்திருந்தாள். அவள் வாய்விட்டு அழக்கூட இல்லை. அழுதால் இரத்த அழுத்தம் ஏறும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

காலையில் அங்கே கொண்டுபோக அமரர் ஊர்தி கிடைத்திருக்கவில்லை. மெர்லினே வந்து, குவாரியிலிருந்து இழுத்து வந்திருந்த வெள்ளத்துரை வண்டிக்கு விலக்குச் சீட்டு ஒட்டி, புகைவாங்கியைத் தன் கையாலேயே அணைத்தாள். தட்டில் கல் இல்லை. சுண்ணத்தூள் மூட்டைகளையும் இறக்கச் சொன்னாள். "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள்.

எல்லாம் முடிந்து, பின்பெட்டியில் கசமுத்துவைக் கிடத்தி, பக்கத்து இருக்கையில் கோமதியை உட்கார வைத்து வெள்ளத்துரை ஊர் திரும்பினான். வண்டி முக்கவில்லை. மிதித்ததும் துள்ளிக்கொண்டு ஓடியது. விளம்பரத்தில் பார்த்த மலைக்காளை அதுதான். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. பார்க்கக்கூடாது என்று சாலையையே வெறித்தான். துண்டை எடுத்துத் திரையை மூடினான். கொஞ்ச தூரம் போனதும் கை தானாகத் துண்டை விலக்கியது.

ஊருக்குள் நுழையும்போது டீசல் முள் பாதிக்கு மேலேயே நின்றது. கோமதியை அடுத்தமுறை கூட்டிப்போக இது போதும் என்று மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அந்தக் கணத்துக்காக அவன் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. கோமதி அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு முள்ளைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு சங்கரபாண்டி முன்னால் வந்து, பின்கதவின் கொக்கியைக் கழற்றினார். வெள்ளத்துரையின் தோளைப் பிடித்தார். ஏதாவது ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். இத்தனை வருடப் பழக்கம், வேறு வார்த்தை அவர் நாக்குக்கு வரவில்லை.

"எவ்வளவுடே குடுத்துச்சு?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளத்துரை கசமுத்துவின் தலைப்பக்கம் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

"பதினெட்டு அண்ணாச்சி" என்றான். "சொன்ன மாதிரியே குடுத்துச்சு."