துணிக்கிடங்கில் ஒரு குட்டி

இடிக்கப்போகிற பிரசவ ஆஸ்பத்திரியில் எத்தனை வௌவால்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கத்தான் வந்திருந்தாள் அந்த ஆராய்ச்சிக்காரி. கட்டடம் மூடிப் பதினோரு வருஷம். கீழ்த்தளத்துத் துணிக்கிடங்கில் பகலிலும் கும்மிருட்டு. கூரை முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள். இருட்டில் வழி அறிய அவை நாக்கைச் சொடுக்கும் சத்தம் விடாமல் கேட்டது. அழுகிய கொய்யா வாடையும் எச்சத்தின் நெடியும் மூக்கை அடைத்தன.

வாசலருகே மின்கம்பியில் அடிபட்டு ஒரு தாய் வௌவால் செத்துக் கிடந்தது. அதன் மார்க்காம்பைக் கவ்வியபடி குட்டி உயிரோடிருந்தது.

கைக்குட்டையில் சுற்றி எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிப் பார்த்தாள். துப்பிவிட்டது. மறுநாள் சாயங்காலம் உடம்பு சில்லிடத் தொடங்கியது.

"உள்ள வெச்சிட்டு வந்துடுங்க மேடம்," என்றார் வாட்ச்மேன், குரலைத் தாழ்த்தி. "இங்க பிரசவத்துல ஒரு பொண்ணு போயிட்டா. புள்ளைக்கு ஒரு வாய் பால்கூடக் குடுக்கல. எது பசியில கத்தினாலும் அவளுக்குத் தாங்காது."

"நீங்க வேற அண்ணே!"

தாய் வௌவால் குரலாலும் வாசனையாலும் தன் குட்டியைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டுமே பால் கொடுக்கும். அடுத்ததன் குட்டியை ஏறெடுத்தும் பார்க்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வேறு வழியில்லாமல் அலமாரித் தட்டில் குட்டியை விட்டுவிட்டுப் போனாள்.

காலையில் அதன் வயிறு புடைத்திருந்தது. வாயோரம் பால்.

நிறுத்துப் பார்த்தாள். நாலு கிராம் கூடியிருந்தது.

அன்று பொழுது சாயும்போது குட்டியை அதே தட்டில் விட்டுவிட்டு, டார்ச்சை அணைத்து மூலையில் உட்கார்ந்தாள். வௌவால்கள் கூட்டமாக இரைதேடிப் போயின. கடைசிச் சிறகடிப்பும் ஓய்ந்தது.

அறையில் குட்டியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

மடக், மடக்.

பால் குடிக்கும் சத்தம். கூடவே தாய்ப்பாலின் வாசனை.

அவளுக்கு அது தெரிந்த வாசனை. நாலு மாதத்துக்கு முன் பிறந்த அவள் மகன் அரைநாள்தான் இருந்தான். அவனைப் புதைத்த மறுநாள்தான் அவளுக்குப் பால் கட்டியது.

எழுந்து ஓடத்தான் நினைத்தாள், அந்த வாசனையை விட்டுப் போக மனம் வரவில்லை.

"அக்கா," என்றாள் இருட்டைப் பார்த்து. "என் புள்ளையும்... உங்ககிட்டதான் இருக்கானா?"

சத்தம் நின்றது.

பிறகு மறுபடி தொடங்கியது.

இந்த முறை இரண்டு வாய்கள் குடித்தன.