தேவராசா சகோதரர்கள்

"கையை எடுங்கோ அண்ணா... நான்தான் முதல்ல பிடிச்சனான்."

படச்சட்டத்தின் ஒரு மூலை சாரங்கியின் கையில். மறு மூலை யாரோ ஒரு நெடியவனின் கையில். ரண்டர்ஸ் என்ற டெனிஷ் நகரின் விளையாட்டு மண்டபத்தில் பழைய பொருள் சந்தை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பிடிச்சது நீங்கள்தான். ஆனா கண்டது நான்," என்றான் அவன். "அண்ணா எண்டு சொல்லி ஆளை மடக்கேலாது."

அவள் நிமிர்ந்தாள். நனைந்த முடி, சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... ஐயோ, இப்படியும் ஒருவன் பார்ப்பானா? முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளை அண்ணா என்று அழைத்துத் தள்ளி நிறுத்துவது அவளுடைய பழக்கம். இவனிடம் அந்தச் சொல்லைச் செலவழித்தது வீண் என்று பட்டது.

சட்டத்துக்குள் இருந்தது, பத்திரிகை ஒன்றில் வந்த இளங்கதிர் அணியின் படம். தொண்ணூறுகளில் இந்த ஊர்த் தமிழ் இளைஞர்கள் சேர்ந்து அமைத்த உதைபந்தாட்ட அணி. அதன் பழைய பொருள் எதைக் கண்டாலும் சாரங்கி விடமாட்டாள். ஓகூஸ் நகரில் அவளுடைய சின்ன அறையில் கொடி, கோப்பை, சாயம்போன காலுறை வரை உண்டு. அந்த அணிக்குக் கோல் காத்தவர் அவளுடைய அப்பா யோகநாதன். அவள் நடை பழகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

"இவர் என்ர அப்பா..." என்று விரல் வைத்தாள். 

அவன் உடனே கையை எடுத்துவிட்டான். "அவற்ற தோளில கை போட்டு நிக்கிறவர் என்ர அப்பா, குகதாசன். நான் ஆரணன். நீங்கள் படத்தைக் கொண்டு போங்கோ, எனக்கு ஒரு கொப்பி எடுத்துத் தந்தாப் போதும்."

நம்பர்கள் கைமாறின. மழை விடாமல் பெய்யட்டும் என்று சாரங்கி வேண்டிக்கொண்டாள். அப்போதுதான் படத்தின் அடியில், பத்திரிகைக்காரர்கள் டெனிஷில் அச்சடித்திருந்த வரியைக் கண்டாள். கோல் காவலரும் பக்கத்தில் நிற்பவரும்... 'தேவராசா சகோதரர்கள்'.

தேவராசா அவளுடைய அப்பாவைப் பெற்ற அப்பப்பாவின் பெயர். அவளுடைய கடைசிப் பெயரும் அதுதான். சட்டென்று அந்த வரியைப் பெருவிரலால் மறைத்தாள்.

"உங்கட கடைசிப் பேர் என்ன?"

"தேவராசா. ஏன்?"

அப்பாக்கள் கூடப்பிறந்தவர்கள் என்றால், இவன் அவளுக்கு அண்ணா. வாய்ப்பேச்சுக்கு அண்ணா இல்லை... உண்மையாகவே அண்ணா.

"படத்தை நீங்களே வச்சிருங்கோ," என்று அவன் கையில் திணித்துவிட்டு மழைக்குள் ஓடினாள்.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அப்பாவின் ஆட்களோடு அம்மாவுக்குப் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அப்பாக்குச் சகோதரங்கள் இருந்தவையோ அம்மா?"

"அவையின்ர கதை எனக்கு வேண்டாம்."

அவையின்ர... அப்படியானால் யாரோ இருக்கிறார்கள். அதற்குப் பிறகு சாரங்கிக்கு ஆஸ்பத்திரி வேலையில்கூட மனம் நிற்கவில்லை. ஒரு நாள் பார்த்தவனுக்காக இப்படிப் பயப்படுவதா என்று தன்னையே திட்டினாள். பயம் போகவில்லை.

'மழையில நனைஞ்சு காய்ச்சலோ?' என்று ஆரணன் எழுதினான். அவள் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொன்று வந்தது.

'கீழ இருக்கிற வரியை வாசிச்சிட்டன். அப்பா தன்ர வீட்டாக்களைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. தனியாக் கேக்க எனக்குப் பயமாக் கிடக்கு. நாளைக்கு வாறீங்களோ?'

மறுநாள் ஆரணனின் வீட்டுக்குப் போனாள். குகதாசன் படத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"யோகன்ர மகளோ? அவன்ர கண் அப்பிடியே கிடக்கு."

"நீங்கள் எனக்கு... பெரியப்பாவோ?"

தேநீரோடு வந்த ஆரணன் வாசலிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். குகதாசன் சிரித்தார்.

"அவன் நெடுந்தீவு ஆள், நான் கரவெட்டி ஆள். இஞ்ச அகதி முகாமிலதான் ஒருத்தரை ஒருத்தர் கண்டனாங்கள். ரெண்டு பேற்ற அப்பாமாருக்கும் பேர் தேவராசா. டெனிஷ்காரருக்குக் கடைசிப் பேர் ஒண்டெண்டா ஒரே குடும்பம். பத்திரிகைக்காரரைத் திருத்தச் சொல்லுவம் எண்டு நான் போனைத் தூக்க, உன்ர அப்பாதான் மறிச்சவன். 'விடடா, வெறுங்கையோட வந்த நாட்டில ஒரு சகோதரமாவது கிடைச்சுதே' எண்டவன்."

சாரங்கி அழுதாள். அழுதபடியே புதிதாக ஒரு பயம் வந்தது.

"அப்ப... பெரியப்பா எண்டே கூப்பிடட்டோ?"

அவர் மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை. மாமா எண்டு கூப்பிடு," என்றுவிட்டு, இல்லாத வேலையைத் தேடி அடுப்படிக்குள் போனார்.



"இந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை," என்றான் ஆரணன் மெல்ல. "உங்களை இழந்திடுவனோ எண்டு பயம். எனக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு, சாரங்கி."

"எனக்கும்... அண்டைக்கே."

அவன் படத்தை நீட்டினான். அவள் ஒரு மூலையைப் பிடித்தாள். அவன் மறு மூலையை விடவில்லை.

"கையை எடுங்கோ..." பழக்கத்தில் அடுத்த சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"ஆரணன்," என்றாள்.