போய் வருகிறாயா?

தீர்த்தகிரிக்கு வயது ஐம்பத்தெட்டு. குளிர்ந்த நீர் அருந்தமாட்டார்; உரக்கப் பேசமாட்டார்; வீட்டில் மிளகாய் தாளித்தால் தொண்டை கரகரத்துவிடுமென்று தெருவிற்குப் போய் நின்றுகொள்வார். விடியற்காலையில் எழுந்து அதிமதுரம் ஊறிய வெந்நீரால் வாய் கொப்புளிப்பார். தம் பெயரையே நான்கைந்து முறை மெல்லச் சொல்லிப் பார்த்து, குரல் தெளிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வேலைக்குப் புறப்படுவார். அவர் பாடகர் அல்லர். பாலக்கோட்டுச் சாலையில் இருந்த நல்லிசைவு ஆட்டுப் பண்ணையில் அவர் ‘கேட்பவர்’. காலை ஏழு மணிக்குப் பட்டியில் நிற்கும் ஒன்பது கிடாக்களிடம் தனித்தனியே சென்று, அன்றைக்குச் சாவதற்கு அவற்றுக்குச் சம்மதமா என்று கேட்பதே அவருடைய வேலை.

பெரும்பாலும் ஏழோ எட்டோ சம்மதித்துவிடும்.

இருபத்திரண்டாம் நூற்றாண்டின் அறுபதுகளில் இது ஒரு வியப்பன்று. விலங்கின் மூளையில் அரிசி அளவே ஆன ‘உணர்வி’யைப் பொருத்தவும், அதன் மனநிலையைப் படிக்கவும் அறிவியலார் கற்றுவிட்டிருந்தனர். விலங்கிற்கும் விருப்பு வெறுப்பு உண்டென்பது ஐயமற மெய்ப்பிக்கப்பட்டதும் இசைவுச் சட்டம் பிறந்தது. தன் இசைவைத் தராத விலங்கைக் கொல்வது கொலைக் குற்றம். எனவே ஒவ்வொரு பண்ணையிலும் ‘இசைவுமானி’ என்னும் கருவி நிறுவப்பட்டது. கேட்பவர் கூறுவதை அது ஆட்டின் மனத்துக்கு ஏற்றபடி மாற்றிச் சேர்க்கும். ஆட்டின் மறுமொழியை மனிதர் மொழிக்கு மாற்றித் தன் நினைவகத்தில் பதிந்துகொள்ளும். சம்மதம் என்றால் பச்சை விளக்கு. மறுப்பு என்றால் சிவப்பு. விளக்கைப் பார்ப்பதே போதுமாகையால், கேட்பவர்கள் எவரும் பதிந்த சொற்களைப் படிப்பதில்லை.

சட்டம் நல்ல சட்டந்தான். ஆயினும் பிற மாவட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆடுகளே, அவையும் நோயால் நைந்தவையே, சம்மதித்தன. அங்கெல்லாம் பட்டியில் வளர்ந்த ஆட்டின் ‘பட்டிக்கறி’ அமைச்சர்களின் விருந்தில் மட்டுமே காணக்கூடிய பொருளாயிற்று. மற்றவர்கள் ஆலைகளில் உயிரணுக்களைத் தொட்டிகளிலிட்டு வளர்த்த ‘தொட்டிக்கறி’யைத் தின்றனர். தருமபுரி மாவட்டத்தில் மட்டும் ஒரு கொத்தனார் தீபாவளிக்குக் கால் கிலோ பட்டிக்கறி வாங்க முடிந்தது. அதற்குக் காரணம் தீர்த்தகிரியின் வாய் முகூர்த்தம் என்று ஊரார் பேசிக்கொண்டனர். பண்ணையின் வரவேற்பறையில் அவர் படம் மாட்டப்பட்டிருந்தது.

அவருடைய மனைவி மாதம்மாளுக்குக் கல்லீரலில் நோய். இரண்டு மாதங்களுக்கு முன் மருத்துவர் தீர்த்தகிரியைத் தனியே அழைத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார். சென்ற வாரம், “இனிமேல் அவங்க கேக்கறதை எல்லாம் குடுங்க” என்றும் சொன்னார். தீர்த்தகிரி வீட்டிற்கு வந்து, பத்தியம் தீர்ந்துவிட்டது என்று மனைவியிடம் அறிவித்தார். மாதம்மாளின் முகம் மலர்ந்தது. நோய் இறங்குமுகமாய் இருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

“அப்ப எனக்குப் பட்டிக்கறிக் கொழம்பு வேணுங்க. தொட்டிக்கறி வேணாம், ஈரத்துணிய மெல்ற மாதிரி இருக்குது. ரெண்டே துண்டு. மொளகு தூக்கலாப் போட்டு.”

“பாக்கலாம் மாது.”

“என்ன பாக்கலாம்? ஊருக்கே கறி குடுக்கற மனுசன், பொண்டாட்டி ரெண்டு துண்டு கேட்டா பாக்கலாம்ங்கறாரு. உங்க படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்காங்களே, அதைக் கொழம்பு வெச்சுத் தரட்டுமா?”

தீர்த்தகிரி சிரித்துவிட்டார். பட்டிக்கறி அவருக்கும் எட்டாத விலைதான். எனினும் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய கேட்பவர், தம் கையால் வளர்த்த ஓர் ஆட்டில் பங்கு பெறலாம் என்பது பண்ணையின் விதி. அவர் அதுவரை அவ்வுரிமையைக் கோரியதில்லை.

“நாளைக்குக் கொண்டாறேன்” என்றார்.

“நாளைக்கேன்னா நல்லதுதான். நாளான்னைக்குக் காலையில அந்த எடத்துக்குக் கெளம்பறமே, வயித்துல கறி இருந்தாத் தெம்பா இருக்கும். பத்து நாள்தானே அங்க?”

“பத்து நாள்தான். போயிட்டு வந்துடலாம்.”

அந்த இடத்திற்கு ‘அந்தி இல்லம்’ என்று பெயர். மாதம்மாள் ஏற்கெனவே படிவத்தில் கைரேகை வைத்திருந்தார்.

மறுநாள் காலை பட்டியில் ஒற்றைக்காதன் நின்றிருந்தான். குட்டியாய் இருக்கையில் வேலியில் சிக்கி ஒரு காதை இழந்தவன். தீர்த்தகிரியின் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவன். மேற்பார்வையாளர் குணவதி இசைவுமானியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“உங்க பங்குங்கறதால இன்னைக்கு ஒரு வேலை கூடுதல்ணா. கேக்கறவருக்கே ஆதாயம் இருந்தா, வெறும் பச்சை விளக்கு செல்லாது. ஆடு சொன்னதை அச்செடுத்து, நீங்க முழுசாப் படிச்சுக் கையெழுத்துப் போடணும். சும்மா ஒரு சடங்குதான்.”

தீர்த்தகிரி கிடாவின் தாடையை வருடிக்கொடுத்தார். வழக்கமாய்க் கேட்பதையே கேட்டார்.

“போயிட்டு வர்றியாடா?”

பச்சை விளக்கு எரிந்தது. கருவியிலிருந்து ஒரு தாள் வெளிவந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு படித்தார்.

‘போகிறேன். திரும்பி வருகிறேன். வந்ததும் அகத்தி தா. நீ இங்கேயே நில்.’

சட்டம் வகுத்த கேள்வி வேறு. ‘உன் உயிரை எங்களுக்குத் தர இசைகிறாயா?’ என்பதே அது; வேண்டுமாயின் அதற்கு நிகரான வட்டார வழக்கிலும் கேட்கலாம் என்று அடிக்குறிப்பில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல்நாள் முதல் ஆட்டின் முன் நின்றபோது, தீர்த்தகிரிக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. ‘சாகிறாயா’ என்று எப்படிக் கேட்பது? ‘போகிறாயா’ என்பதும் இயலவில்லை. வாசற்படியில் நிற்கும் எவரையும் நம்மவர் அப்படிக் கேட்பதில்லை. புறப்படுபவரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. எனவே பண்புள்ள மனிதர் எவரும் சொல்லக்கூடியதையே அவரும் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. அன்றுமுதல் அதுவே அவர் கேள்வியாயிற்று.

“கையெழுத்துப் போடுங்கண்ணா. அறுப்புக்கூட வண்டி நிக்குது.”

“இது என்னம்மா, திரும்பி வர்றேங்குது?”

“எல்லாமே அப்படித்தாண்ணா சொல்லும்.”

“எல்லாமேவா?”

குணவதி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆட்டு மனசுல வார்த்தை ஏதுண்ணா? வழிதான் இருக்குது. நீங்க கேக்கறப்ப அதுக்கு ரெண்டு வழி தெரியும். பட்டியில இருந்து வாசக் கேட்டு வரைக்கும் ஒண்ணு, கேட்டுல இருந்து பட்டிக்கு ஒண்ணு. மேலிடத்துக்கும் இது தெரியும். வட்டார வழக்குன்னு எழுதி வெச்சுக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்!”

தீர்த்தகிரி வேலிக்கம்பைப் பற்றிக்கொண்டார். அவர் கேட்ட ஆடுகளெல்லாம் வாயிலைக் கடக்கையில் ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததில்லை. அதனைத் துணிவு என்றும் பெருந்தன்மை என்றும் கருதி, மாலை வேளைகளில் மாதம்மாளிடம் வியந்து பேசியிருக்கிறார். திரும்பி வரப்போகிறவன் எதற்காகத் திரும்பிப் பார்க்கவேண்டும்?

அவர் மண்டியிட்டு ஒற்றைக்காதனின் முகத்தைத் தம் இரு கைகளிலும் ஏந்தினார்.

“டேய், போனாத் திரும்பி வர முடியாது. நான் அங்க இருக்கமாட்டேன். அகத்தி இருக்காது. போறியா?”

சிவப்பு விளக்கு எரிந்தது. தாளில் ஒரே சொல் இருந்தது. ‘வேண்டா.’ கிடா பின்வாங்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“அண்ணா, மொதல்ல வந்தது பச்சை. அது செல்லும். ரெண்டாவது தாளை நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். அண்ணி பாவம், கேட்டிருக்காங்க. எடுத்துக்கிட்டுப் போங்க.”

“முடியாதும்மா.”

“அப்ப இந்த ஒண்ணோட நிக்குமா? இனிமேல் இப்படித்தான் கேப்பீங்களா?”

“வேற எப்படிக் கேக்கறது?”

குணவதிக்குச் சினம் வந்துவிட்டது. “எங்கப்பா செங்கச் சூளையில வேலை பாத்தவரு. அவரு பட்டிக்கறி தின்னது வருசத்துல ஒரு நாள், அதுவும் உங்க வாயாலதான். நீங்க ஒருத்தரு நல்லவராகறதுக்கு ஊரே ஈரத்துணி மெல்லணுமா? மந்திரி வீட்டுல திங்காம விட்டுடுவானா? அவனுக்கு எங்கயாவது ஒரு ஆடு சம்மதிச்சுடும்.”

குணவதி சொன்னது முழுவதும் மெய் என்பதைத் தீர்த்தகிரி அறிவார். தாள் இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிடாவைப் பட்டிக்குள் விட்டுப் படலைச் சாத்தினார்.

ஓட்டுநரில்லாப் பேருந்து அவரை நண்பகலில் வீட்டருகே இறக்கிவிட்டது. மாதம்மாள் படுக்கையில் இல்லை. சுவரைப் பிடித்து நடந்துவந்து சமையலறையில் அமர்ந்து, சிறு கல்லுரலில் மிளகை இடித்துக்கொண்டிருந்தார். இரண்டு இடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

“எங்கீங்க கறி?”

தீர்த்தகிரி எதிரில் அமர்ந்து நடந்ததைச் சொன்னார். தாள்களையும் படித்துக் காட்டினார். மாதம்மாள் குழவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அகத்தி கேட்டுச்சா? அட பாவமே” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. “பத்து நாள்ல நான் தேறி வந்துடுவேன் இல்ல, அப்ப நீங்களும் நானுமாப் போயி அதுக்கு அகத்தி போட்டுட்டு வருவோம்.”

தீர்த்தகிரி தலை நிமிரவில்லை. அலமாரியின்மேல் அந்தி இல்லத்தின் படிவம் இருந்தது. அதுவும் ஓர் இசைவுப் படிவமே. நோயாளியின் சம்மதத்தை நெருங்கிய உறவினர் ‘பக்குவமான சொற்களில்’ கேட்டுப் பெறலாம் என்பது அதன் விதி. ஆடுகளுக்கான சட்டத்தைவிட நூறாண்டு மூத்த வழக்கம் அது. விதியாய் எழுதும் முன்பே அது எல்லா வீடுகளிலும் இருந்தது.

“மாது.”

“சொல்லுங்க.”

“அந்த எடத்துல இருந்து யாரும் திரும்பி வர்றதில்ல.”

மாதம்மாள் அவரையே பார்த்தார். தெருவில் எவரோ வண்டியை நிறுத்தி மணியடித்துவிட்டுப் போயினர்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“ரெண்டு மாசமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“யாரு வீட்டுலதான் சொல்லுவாங்க, மாது?”

பன்னிரண்டு ஆண்டுகள் பேணிக் காத்த குரல் உடைந்து, பாதி காற்றாய் வெளிவந்தது.

“அங்க வலி தெரியாமப் பாத்துக்குவாங்க. இங்க அது முடியாது. ஆனா, போனா வரமுடியாது. போறியா?”

மாதம்மாள் உரலில் கிடந்த மிளகை விரலால் கூட்டியெடுத்து, இடிபடாதவற்றைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினார்.

“வேணாங்க” என்றார்.

தீர்த்தகிரி எழுந்து படிவத்தை எடுத்தார்.

“சரி. நாளைக்கு வண்டி வர வேணாம்னு சொல்லிடறேன்” என்றார்.