இத்தாலிச் சுவர்

பீசா கோபுரத்தின் முன்னால் நின்ற தவச்செல்வனுக்கு நிழல் இருந்தது.

படம் கழுவி வந்த மறுநாள், லுசேர்ண் ரெஸ்ரோறன்ற் ஒன்றின் குசினியில், கழுவிய கோப்பைகளின் ஆவிக்கு நடுவே நின்று பார்த்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. கோட்டு சரி. கறுப்புக் கண்ணாடி சரி. சாய்ந்த கோபுரத்தை ஒற்றைக் கையால் தாங்கும் வீரமும் சரி. ஆனால் காலடியிலிருந்து புறப்பட்ட நிழல், அந்திவெயிலில் விழுவதுபோல நீண்டு, புல்லின் மேல் மடிந்து, கோபுரத்தின் அடிவரைக்கும் போயிருந்தது. கோபுரமோ சுவரில் தீட்டியது. புல்லும் தீட்டியதுதான். படம் எடுத்தது அதே ரெஸ்ரோறன்றின் நிலவறையில், யன்னலே இல்லாத விருந்து மண்டபத்தில், ஒரேயொரு ரியூப் லைற்றின் கீழே.

“கமராவின்ரை திறமை, தம்பி,” என்றார் வரதராசா அண்ணை. “ஜப்பான்காரன்ரை சாமானெண்டால் சும்மாவே?”

வரதராசா அண்ணை அதே குசினியில் மரக்கறி வெட்டுபவர். ஊரில் ரயில்வே ஸ்டேசனில் ரிக்கற் கிழித்தவர், சுவிஸ் வந்து இறங்கியதும் தன் வாயாலேயே ஸ்டேசன் மாஸ்டராகப் பதவி உயர்ந்திருந்தார். இத்தாலியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அகதி வழக்கு முடியும்வரை எவனும் எல்லை தாண்டக்கூடாது. தாண்டினால் வழக்குக் கோவிந்தா. ஆனால் கோப்பை கழுவுகிறேன் என்று ஊருக்கு எழுத முடியுமா? முதலாளி எந்தக் காலத்திலோ ஓர் ஓவியனைப் பிடித்து நிலவறைச் சுவர் முழுக்க இத்தாலியைத் தீட்டுவித்திருந்தான். பீசா, வெனிஸ், ரோமாபுரியின் பெரிய அரங்கம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வளவுகள்போல அங்கே கிடந்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை பூட்டியிருக்கும் நேரத்தில் ஓல்டனிலிருந்தும் ஆராவிலிருந்தும் பெடியள் ரயில் ஏறி வந்து, படியிறங்கி, இத்தாலி பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணையின் ஒரே கோட்டு பத்தொன்பது பேரோடு இத்தாலி போய் வந்தது.

விளக்கவுரையும் உண்டு. “இந்த அரங்கத்திலை அம்பதினாயிரம் சனம் இருந்து பாக்கலாம். உள்ளை விட்டவனை வெளியிலை விட மாட்டாங்கள். தம்பி, கையை இடுப்பிலை வையும்.” பிறகு படத்தின் பின்பக்கத்தில் தன் உருண்டைக் கையெழுத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதுவார்: ரோம், 1986.

தவச்செல்வனுக்கு அந்தப் படங்கள் தேவைப்பட்டன. ஊரில் அவனுக்குப் பேசியிருந்த செல்வராணியின் தகப்பன் சீதனம் பேசும்போது கேட்டிருந்த ஒரே கேள்வி, மாப்பிள்ளை நாலு இடம் பார்த்தவரோ என்பது.

இரண்டாவது படம் வெனிஸ். அதில் அவனுடைய காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவன் நின்றது காய்ந்த சீமெந்தில். அன்று அறைக்குப் போய்க் காற்சட்டையை எடுத்துப் பார்த்தான். விளிம்பு உப்புப் பூத்து விறைத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். தேங்கிய தண்ணீரும் அழுகிய பாசியும், அவற்றுக்கடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒரு மனிதவாடையும். இரண்டு முறை தோய்த்தான். மணம் காற்சட்டையை விட்டு அவன் தின்னும் பாணுக்கும் தலையணைக்கும் போனதே தவிரத் தொலையவில்லை.

மூன்றாவது ரோமாபுரி. அதில் அவனுடைய முதுகு தெரிந்தது.

“அண்ணை, நான் உங்களைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்?”

“ஓம்.”

“அப்ப என்னெண்டு முதுகு விழுந்தது?”

வரதராசா அண்ணை படத்தைத் தேவைக்கு மேல் நேரமெடுத்துப் பார்த்தார். ஓவியன் வெறும் புள்ளிகளாக விட்டிருந்த கற்படிகளில், இப்போது அந்தப் புள்ளிகளுக்குத் தோள்கள் இருந்தன.

“வடிவான முதுகுதானே,” என்றார். “அனுப்பும்.”

அனுப்பினான். பயம் பயம்தான், கலியாணம் கலியாணம்தான்.

செல்வராணி வீட்டுப் பதில் வருவதற்கு முன்பே அகதிக் கந்தோர்க் கடிதம் வந்தது, விசாரணைக்கு வரச் சொல்லி. போனபோது மேசையில் மூன்று படங்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கூடுதலாகக் கழுவி வைத்திருந்தவர் யாரென்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரிப் பெண்ணுக்குப் பக்கத்தில், பத்தொன்பது பேர் போட்ட அதே கோட்டோடு, மொழிபெயர்ப்பாளராக வரதராசா அண்ணை வீற்றிருந்தார்.

“நீர் எல்லை தாண்டி இத்தாலி போனதாகப் படம் சொல்லுது எண்டு அம்மையார் வினவுகிறா,” என்றார் அண்ணை. உத்தியோகம் கிடைத்ததும் தமிழும் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணை, நீங்களே…? நீங்கள்தானே எடுத்தனீங்கள்!”

“உத்தியோகம் வேறை, பழக்கம் வேறை, தம்பி. கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.”

வழக்குத் தோற்றால் விமானம். விமானம் இறங்குவது கட்டுநாயக்காவில். இறங்குகிற தமிழ்ப் பெடியனை அங்கே யார் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். தவச்செல்வன் தனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் வாரிக் கொட்டினான். சுவர். வெறும் சுவர். வந்து பாருங்கள்.

அம்மையார் நேர்மையானவள். வந்தாள்.

பின்னேரம் மூன்று மணி. குசினி அடங்கியிருந்தது. படி இறங்க இறங்க அந்த மணம் ஏறி வந்தது; தண்ணீர், பாசி, மற்றது. கதவுக்கப்பால் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல். மழை இல்லை. ஆட்கள். ஏராளமான ஆட்கள் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்தியதுபோல அது நின்றது.

அண்ணை லைற்றைப் போட்டார்.

சுவர் இருந்தது. கோபுரம், தண்ணீர், அரங்கம். தவச்செல்வனுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்ச் சுவரின் முன்னால் நின்றான்.

“பாருங்கோ! சுண்ணாம்பு! தொட்டுப் பாருங்கோ!”

உள்ளங்கையை ஓங்கி அடித்தான்.

கை உள்ளே போனது.

பிறகு தோள். பிறகு கால். காலுக்குக் கீழே சீமெந்து இல்லை, மணல். சூடு. முதுகில் வெயில்.

திரும்பினான். கதவளவு வெளிச்சத்தில் நிலவறை தெரிந்தது. அதற்குள் இரண்டு பேர். அம்மையார் சுவரை ஓரம்விட்டு ஓரம் பார்த்தாள். அவன் முகத்தின் மேலாலும் அவள் கண் போனது, நிற்கவில்லை. கதிரைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

“ஆள் எங்கே?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

“அண்ணை! இஞ்சை நிக்கிறன்! அண்ணை!”

வரதராசா அண்ணை கிட்ட வந்தார். கோட்டைச் சரிசெய்தார். அவனுடைய கண்ணுக்குள் நேராகப் பார்த்தார். பார்த்தார் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அண்ணையின் இமை ஒருமுறை துடித்தது.

பிறகு அம்மையாரிடம் திரும்பி, அவனுக்கும் விளங்குகிற எளிய ஜெர்மனில் சொன்னார்:

“இத்தாலிக்குப் போய்விட்டார்.”

அவள் கோப்பில் குறித்துக்கொண்டாள். படியில் சப்பாத்துச் சத்தம். லைற் அணைந்தது.

அவன் பாய்ந்து கையை நீட்டினான். சுவர். குளிர்ந்த, சொரசொரப்பான, அசையாத சுண்ணாம்புச் சுவர். இந்தப் பக்கத்தில்தான் அது இருந்தது.

தட்டினான். குத்தினான். தடவினான். விரல்களுக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், நகக் கீறல்கள். இடுப்பு உயரத்திலும். முழங்கால் உயரத்திலும், இன்னும் ஆழமாக.

அவனுக்குப் பின்னால், கற்படிகளில், அத்தனை பேரும் எழுந்தார்கள்.