சிலையாக நின்ற அரண்மனை

மூன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவர்களை வைத்து ஒரு நாடகம் போட்டுத் தர முடியுமா என்று பள்ளியில் கேட்டபோது, நாடக டீச்சர் சிரித்தபடி தலையாட்டிவிட்டார். பாவம், அவருக்கு விவரம் தெரியாது.

முதல் நாளே தெரிந்துவிட்டது. ராஜா மேசைக்கு அடியில் இருந்தான். மருத்துவர் தொலைந்துபோன அழிப்பானைத் தேடிக்கொண்டிருந்தாள். சமையல்காரி வேடம் போட்ட 'அவசரம்' என்கிற சிறுமி, தன் வசனம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "டீச்சர், நான் முடிச்சிட்டேன்! போகட்டுமா?" என்று கேட்டாள்.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. ஒரு காலில் சாக்ஸை மறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருகிறவள் அவள்.

டீச்சர் இரண்டு நாள் கத்திப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஒரு விளையாட்டோடு வந்தார்.

"நான் ஒரு தடவை கை தட்டினா எல்லாரும் சிலை. ரெண்டு தடவை தட்டினா உயிர் வந்துடும். நடுவுல யார் என்ன சொன்னாலும் சிலை அசையக் கூடாது. நானே சொன்னாலும் சரி!"

பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "ஐயோ, தலைமேல பல்லி!" என்று டீச்சர் ஏமாற்றிப் பார்ப்பார். "மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போங்க!" என்பார். ஒருவரும் அசைய மாட்டார்கள், அவசரத்தைத் தவிர. தினமும் முதலில் தோற்பது அவள்தான். ஒரே ஒரு தடவையாவது கடைசிவரை நிற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

நாடகம், தூக்கம் வராத ராஜாவைப் பற்றியது. மருத்துவர் மருந்து கொடுப்பாள், பாடகன் பாடுவான், சமையல்காரி சூப் கொண்டு வருவாள். எதற்கும் ராஜாவுக்குத் தூக்கம் வராது. கடைசியில் வாயிற்காவலன் வந்து, "அரசே, கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் படுங்கள்!" என்பான். அவ்வளவுதான், ராஜா குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்.

அந்த வாயிற்காவலன்தான் கிசுகிசு. அவன் பேசினால் அவனுக்கே சரியாகக் கேட்காது. வகுப்பில் அவசரத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க அப்பா வர்றார்" என்றான்.

"நல்லதுதானே! அதுக்கு ஏன்டா இப்படி நிக்கிறே?" என்று கேட்டாள் அவசரம்.

"அப்பா பஸ் ஓட்டுறார் இல்ல? ரெண்டு டிரிப்புக்கு நடுவுல இருபது நிமிஷம்தான் கிடைக்கும். மூணரைக்கு வண்டிய எடுத்தாகணும். நான் மேடையில பேசி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

"மூணு பத்துக்கு ஆரம்பிக்கிறோம். நாடகமே பதினஞ்சு நிமிஷம்தான். அதுக்குள்ள உன் வசனம் வந்துடும், பாரேன்" என்றாள் அவசரம்.

சொன்னபடியே மூன்று பத்துக்குத் திரை விலகியது. கிசுகிசுவின் அப்பா சீருடையோடு கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றார். மருத்துவர் மருந்து கொடுத்தாள், ராஜா முகத்தைக் கோணினான். பாடகன் பாடினான். அவன் பாடிய பாட்டில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். பார்க்க வந்த மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த கையோடு பலமாகக் கை தட்டினார்கள்.

அரண்மனை மொத்தமும் சிலையானது.

ராஜா வாயைத் திறந்தபடி நின்றான். அப்போதுதான் உள்ளே நுழைந்த அவசரம், ஒரு கையில் சூப் பாத்திரமும் மறு கையில் கரண்டியுமாக, ஒற்றைக் காலில் நின்றாள். ஒத்திகையில் டீச்சரைத் தவிர வேறு யாரும் கை தட்டியதில்லை. நாடகம் பார்க்க வருகிறவர்களும் கை தட்டுவார்கள் என்பது டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

"அடடா, எவ்வளவு தத்ரூபமா நிக்குது பாருங்க!" என்று யாரோ பாராட்டினார்கள். கைதட்டல் இன்னும் பலமானது. ஓரத்திலிருந்து டீச்சர் இரண்டு தடவை தட்டினார். அந்த இரைச்சலில் அது எங்கே கேட்கும்?

"அசைங்க! நிஜமாத்தான் சொல்றேன், அசைங்க!" என்று டீச்சர் கெஞ்சினார்.

யாராவது அசைந்தால்தானே? டீச்சர் வழக்கம்போல ஏமாற்றுகிறார் என்று எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்!

அவசரத்தின் கால் வலித்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இன்றைக்கு அவள் தோற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும், மற்றவர்கள் தோற்றுவிடுவார்கள்.

எதிரே சுவரில் கடிகாரம் மூன்று இருபத்தாறு காட்டியது. அதன் கீழே கிசுகிசுவின் அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மெல்லக் கதவில் கை வைத்தார்.

அவசரம் அதைப் பார்த்துவிட்டாள். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மகா ஜனங்களே!" என்று கூவினாள். "நம்ம ராஜாவுக்குத் தூக்கம் வரலை. நீங்க இப்படித் தட்டினா எப்படி வரும்? இனிமே யாரும் சத்தம் போடாதீங்க. பாராட்டணும்னா ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டுங்க!"

இதுவும் நாடகம்தான் என்று நினைத்த மக்கள், சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கி ஆட்டினார்கள். இரைச்சல் அப்படியே அடங்கியது. கதவில் கை வைத்தவரும் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கஷ்டகாலம்! ராஜாவைத் தூங்க வைக்க வந்தவங்க எல்லாம் தூங்கிட்டாங்களே!" என்ற அவசரம், ஒவ்வொரு சிலையாகப் போய்க் காதருகே பாத்திரத்தில் கரண்டியால் இரண்டு தடவை தட்டினாள். டக், டக். பாடகனுக்கு உயிர் வந்தது. மருத்துவருக்கு வந்தது. ராஜா வாயை மூடினான்.

மணி மூன்று இருபத்தெட்டு. அடுத்து அவளுடைய காட்சி. ஒன்பது வரி வசனம். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வசனம். அவசரம் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"அரசே, சூப் ஆறிப்போச்சு! அதைக் குடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயிற்காவலனைக் கூப்பிடுங்க!"

கிசுகிசு ஓடி வந்தான். கூடம் முழுக்க அமைதி.

"அரசே, கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் படுங்கள்!"

அவன் குரல் வழக்கம்போலச் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் சத்தம் போடாததால் கதவுவரை தெளிவாகக் கேட்டது. சொன்ன வேகத்தில் அவன் உள்ளே ஓடிவிட்டான். ராஜாவின் குறட்டையைக் கேட்டு மக்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எல்லாக் கைகளும் மேலே எழுந்து ஆடின.

திரை மூடியதும் அவசரம் உள்ளே வந்தாள். கிசுகிசு ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க அப்பா போயிட்டாரா?"

"இப்பத்தான் போறார். நீ சொன்னதைக் கேட்டு அப்படிச் சிரிச்சார்டா! பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் 'அது என் பையன், அது என் பையன்'னு சொல்லிட்டு, ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே ஓடினார்" என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள்.

"என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லு!" என்று கிசுகிசு கத்தினான். அவன் போட்ட சத்தத்தில் டீச்சரே திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவசரம் இன்னொரு தடவை சொன்னாள், இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிதானமாக.