வீட்டில்தான் இருக்கிறாள்

காலை பதினொரு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. மனநல ஆஸ்பத்திரி வாசலில் டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் முதலில் இறங்கிக் குடையை விரித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பிறகு தங்கையின் கையைப் பிடித்து இறக்கினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தாடையும் சும்மா இல்லை. வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தது.

"இது எந்த இடம்ணா?"

"ஆஸ்பத்திரிம்மா. ஒரு பேப்பர் விஷயம். முடிச்சிட்டுப் போயிடலாம்."

"நான் இங்க முன்னாடி வந்திருக்கேனா?"

இருபத்தாறு வருஷமாக மாதம் தவறாமல் வந்த இடம்.

"தண்ணி தேங்கியிருக்கு. பாத்து வா."

புதிதாக வந்த டாக்டரம்மா ஒன்றரை வருஷமாக அவளுடைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போன மாதம் கடைசி மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். "இவங்களுக்கு அந்த மனச்சிதைவு வியாதி இருந்த மாதிரியே எனக்குத் தெரியலைங்க. ஆனா பழைய கேஸ் ஷீட்டுல அந்தப் பேர் இருக்கிறவரைக்கும் ஆபத்துதான். நாளைக்கு ஒரு காய்ச்சல்னு எங்கயாவது சேர்த்தா, அதைப் பாத்துட்டு மறுபடி எல்லாத்தையும் ஆரம்பிச்சிடுவாங்க. முதல் நாள் என்ன நடந்துச்சு, யார் என்ன சொன்னாங்க, அது எனக்கு வேணும்" என்று சொல்லியிருந்தார்.

யார் என்ன சொன்னார்கள்.

ஒரு மாதமாக இந்தக் கேள்வி கண்ணாடிக்காரரின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

தங்கையை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பழைய கட்டடத்தில் இருந்த ரெக்கார்டு ரூமுக்குப் போனார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். ஆனாலும் கதவில் ஆறு என்ற எண் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

முதல் நாள் அவளைக் கூட்டிவந்த அதே அறை.

"உள்ள வாங்க சார்" என்றார் ரெக்கார்டு ரூம்காரர். அரைக்கண்ணாடி, தொப்பை, கையில் ஏணி. "இருபத்தாறு வருஷத்துக் கட்டா? என் கல்யாணத்துக்கு முன்னாடி. அந்தக் காலத்து நிம்மதியைத் தோண்டறதும் ஒண்ணு, இதைத் தோண்டறதும் ஒண்ணு!"

ஏணி அலமாரிகளுக்குப் பின்னால் போயிற்று. ஈரக் காகிதத்தின் வாடை. பினாயில். எங்கேயோ ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்.

டக்.

ஒரு பிளக்கைத் துளைக்குள் செருகுவது போன்ற சத்தம். கண்ணாடிக்காரரின் முதுகு நிமிர்ந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் தங்கையை அழைத்துவர அவர் போய் நிற்பார். உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், காதில் ஹெட்செட்டோடு, போர்டில் பிளக்குகளை டக் டக்கென்று செருகிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அவளுக்கு வைத்த பெயரே 'ஹலோ'. தூக்கத்தில்கூட ஹலோ சொல்வாள்.

டக்.

"லைன்ல இருங்க" என்றது ஒரு இளம் பெண்ணின் குரல்.

"கேட்டுச்சா சார்?" அலமாரிக்குப் பின்னாலிருந்து ரெக்கார்டு ரூம்காரர் சிரித்தார். "பயப்படாதீங்க. அது ஒண்ணும் பண்ணாது. நானும் பதினஞ்சு வருஷமா லைன்லதான் இருக்கேன், பிரமோஷன்தான் வரல."

"யா... யாருங்க அது?"

"அதைத்தான் தேடிப் பாத்தாச்சு. இந்த ரூம்ல செத்தவங்க ஒருத்தரும் இல்ல. செத்திருந்தாக்கூட ஒரு கும்பிடு போட்டுட்டு வேலையைப் பாக்கலாம். சாகாதவங்களுக்கு என்ன சார் பண்றது?" காகிதக் கட்டை மேஜைமேல் போட்டார். தூசி பறந்தது. "பாருங்க. ரிஜிஸ்டரை எடுத்துட்டு வந்துடறேன்."

போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்காரர் முதல் பக்கத்தைத் திறந்தார்.

'காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்கிறார். தான் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் என்று உறுதியாக நம்புகிறார். எந்த வேலையும் பார்ப்பதில்லை, வீட்டில்தான் இருக்கிறார்: உடன் வந்த உறவினர் தெரிவித்தது.'

அன்று அவள் நான்கு நாளாகத் தூங்கியிருக்கவில்லை. தொடர்ந்து இரட்டை ஷிப்ட். கண்ணை மூடினால் யாரோ நம்பர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றாள். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் கூட்டிவந்தார். ஆனால் இந்த அறையில், பழைய டாக்டருக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரியின் ஹெட் கிளார்க் நின்றிருந்தார். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளையின் மாமா அவர். ராத்திரி வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டாள் என்று கண்ணாடிக்காரரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"என்ன வேலை பாக்குறாங்க?" என்று பழைய டாக்டர் கேட்டார்.

"எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர் சார்" என்றாள் அவள்.

டாக்டர் இவரைப் பார்த்தார். ஹெட் கிளார்க்கும் இவரைப் பார்த்தார்.

"அதெல்லாம் இல்ல சார். வீட்லதான் இருக்கா."

கடுகளவு பொய். அடுத்த வாரம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் அவள் ஊசியின் மயக்கத்தில் கிடந்தாள். அந்தச் சம்பந்தமும் கைநழுவிப் போயிற்று. அதற்குப் பிறகு சொன்னால் ஊர் காறித் துப்பும் என்று பயம். பயத்திலேயே வருஷங்கள் ஓடின.

பக்கங்களைப் புரட்டினார்.

'இன்றும் ஆபரேட்டர் என்கிறார். மாத்திரை கூட்டப்பட்டது.'

'இன்னமும் ஆபரேட்டர் என்கிறார். மாத்திரை கூட்டப்பட்டது.'

ஏழாவது வருஷத்தில் ஒரு வரி: 'இப்போது அப்படிச் சொல்வதில்லை. நல்ல முன்னேற்றம்.'

சூடான ரப்பரின் வாடை வந்தது. மணிக்கணக்காகக் காதோடு ஒட்டிக் கிடந்த ஹெட்செட்டின் வாடை.

மேஜைக்கு எதிரே இருந்த காலி நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ முன்னால் குனிகிறார்கள்.

"அண்ணா..."

அன்று கேட்ட அதே கெஞ்சல். அதே இருபத்திரண்டு வயதுக் குரல்.

"நீ சொல்லேண்ணா."

காகிதக் கட்டை வாரிக்கொண்டு அவர் வெளியே ஓடினார். பெஞ்சில் தங்கை அப்படியே உட்கார்ந்திருந்தாள், எதையோ மென்றபடி.

டாக்டரம்மா கேஸ் ஷீட்டை முழுக்கப் படித்தார். பேனா மூடியைக் கடித்தபடி மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"ஆபரேட்டரா இருந்தது உண்மையா?"

பரணிலிருந்து தேடி எடுத்த எக்ஸ்சேஞ்ச் அடையாள அட்டையைக் கண்ணாடிக்காரர் நீட்டினார். அட்டையில் ஒல்லியான ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கடவுளே!" என்றார் டாக்டரம்மா. "வேலையையே வியாதின்னு எழுதிட்டாங்களா? இந்த மருந்தெல்லாம் தேவைப்படறவங்களுக்கு உயிரைக் காப்பாத்துங்க. தேவையில்லாதவங்களுக்கு, அதுவும் இவ்வளவு வருஷம்..." தங்கையின் நடுங்கும் கையைப் பார்த்தார். "ஞாபகம் போனதுக்கு மருந்து மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வருமா வராதான்னும் தெரியாது. சரி, வீட்லதான் இருக்காங்கன்னு அன்னிக்குச் சொன்னது யாரு?"

ஜன்னலில் மழை அடித்தது.

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்ப்பது பழக்கம், அவ்வளவுதான்.

"எங்க அப்பாங்க" என்றார் அவர். "அப்பாதான் கூட்டிட்டு வந்தார். நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

செத்துப்போனவர்மேல் பழி போடுவது சுலபம். அவர் வந்து மறுக்கப் போவதில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நோயின் பெயரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார். "ஒண்ணு மட்டும் கவனிங்க. இனிமே இவங்க குரல் கேக்குதுன்னு சொன்னா உடனே எனக்குத் தெரியணும். அப்ப இதையெல்லாம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்."

"இனிமே என்னங்க டாக்டர், ஒண்ணும் வராது" என்று எழுந்தார். இருபத்தாறு வருஷ மூட்டையை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது. பாதி மூட்டையை.

டாக்சி கிளம்பியது. தங்கை மெல்ல நகர்ந்து, ஜன்னல் ஓரமாக ஒண்டிக்கொண்டாள்.

"ஏம்மா ஓரத்துல போய் நனையறே? இந்தப் பக்கம் வா."

"நடுவுல இடம் வேணாமாண்ணா?"

"யாருக்கு?"

"நம்ம கூட ஏறுன பொண்ணுக்கு." தங்கை குரலைத் தாழ்த்தினாள், விருந்தாளி காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போல. "சின்னப் பொண்ணு. காதுல என்னவோ மாட்டியிருக்கா. பாவம், தூங்கி ரொம்ப நாளாச்சு போல."

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார்.

இருவருக்கும் நடுவே, சீட்டின் ரெக்சின் மெதுவாக உள்ளே அமுங்கியது.

ரப்பர் வாடை.

"என்னவோ சொல்றாண்ணா." தங்கையின் தாடை முதல் முறையாக அசையாமல் நின்றது. "அப்பா அன்னிக்கு வரவே இல்லையாம்."

வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பியது. அவருடைய சட்டைப் பையில் டாக்டரம்மாவின் நம்பர் இருந்தது. கேட்கவில்லை என்று இப்போது சொன்னால், இது இவளுடைய வியாதி. அடித்த பெயரை மறுபடி எழுதுவார்கள். கேட்கிறது என்று சொன்னால், அது அவருடைய பாவம்.

"உனக்குக் கேக்கலையாண்ணா?"

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"கேக்குதும்மா" என்றார் அவர். சொந்தக் குரலே அவருக்கு அந்நியமாக ஒலித்தது. "எனக்கும் கேக்குது. அன்னிக்கு வந்தது நான்தான். சொன்னதும் நான்தான்."

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

"வண்டியைத் திருப்புப்பா. ஆஸ்பத்திரிக்கே போ."

"ஏதாவது விட்டுட்டீங்களா சார்?"

உண்மையைச் சொல்லியாயிற்று. இனிமேல் நடுவில் இருப்பவள் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டார். டிரைவர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டினார். வண்டி திரும்பிய வேகத்தில் தங்கை ஜன்னலோடு போய் மோதினாள். அவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

நடுவில் இருந்த பள்ளம் மட்டும் அசையாமல் இருந்தது.