ஒரு தடவை என்றால் ஆமாம்

இல்லாத பொத்தானை யாரோ அழுத்தியிருந்தார்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த கணக்கு டீச்சர், லேப்டாப்பில் புதிதாக முளைத்திருந்த அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘அழுத்தம்: 1’. கறுப்பு விண்டோவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது நிஜமான குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு இல்லை, சிமுலேட்டர். போர்டு கைக்கு வருமுன் பழகிக்கொள்ள, அதைப் போலவே நடிக்கிற ஒரு புரோகிராம். அதற்குள் லினக்ஸ் இயங்குதளம் நிஜமாகவே கண்விழிக்கும்; ஆனால் தொட்டுப் பார்க்க ஒரு கம்பிகூடக் கிடையாது. பொத்தானை அழுத்தியதாகப் பாவனை காட்ட, பக்கத்து விண்டோவில் அவளேதான் கட்டளை அடிக்க வேண்டும்.

அவள் அடிக்கவில்லை.

பக்கவாதத்தில் பேச்சு போய், ஒற்றை விரல் மட்டும் மிஞ்சிய கணவருக்காகத்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தாள். விரலுக்கடியில் ஒரு பொத்தான். ஒரு தடவை என்றால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. இந்தத் தொழிலிலேயே இருக்கும் கொழுந்தன் போனில் சொல்லிக்கொடுத்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைத் தயார் செய்வதற்குள் லேப்டாப் அடுப்பாய்க் கொதிக்கும். கடைசி நிமிடத்தில் ஏதோ பிழை என்று நின்றுவிடும். சிமுலேட்டர் முதன்முதலாக லாகின் கேட்ட அன்று, “என்னங்க, வந்துடுச்சுங்க!” என்று கத்தினாள். படுத்திருந்தவரின் கண்ணோரம் கசிந்தது.

போர்டு கூரியரில் வருவதற்குள் அவர் போய்விட்டார். “வலியே தெரியாம, தூக்கத்துலயே போயிட்டாரும்மா,” என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், குளித்தாள், பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது, திரையில் அந்த ‘1’ அப்படியே நிற்க, கொழுந்தனைப் போனில் கூப்பிட்டாள்.

“சிமுலேட்டர்ல பட்டனே கிடையாதே அண்ணி. பழைய கட்டளை எதாவது பின்னாடி ஓடிட்டிருக்கும்.”

“எல்லாத்தையும் மூடிட்டுத்தான் தம்பி பார்த்தேன்.”

“அண்ணனே போயாச்சு. இன்னும் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? தூக்கி உள்ள வைங்க அண்ணி.”

“சரிப்பா,” என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் போர்டின் உறையைப் பிரித்தாள்.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். அவர் அறையில் தைலமும் டெட்டாலும் கலந்த வாடை இன்னும் போகாமல் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சன்னல் கம்பிகளின் நிழல் கட்டிலின் குறுக்கே நீண்டு, தண்ணீர் வழிய வழிய நெளிந்து, யாரோ புரண்டு படுப்பதுபோல் விரிப்பின்மேல் அசைந்துகொண்டிருந்தது. மெமரி கார்டைச் செருகி, கேபிளை லேப்டாப்பில் மாட்டி, நிஜப் பொத்தானை நீண்ட ஒயரில் இணைத்து, அவர் கை கிடக்கும் இடத்தில் வைத்தாள். மின்சாரம் கொடுத்தாள். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வரிகள் மளமளவென்று ஏறி, ஓய்ந்து, காத்திருந்தன.

“என்னங்க?”

டிக்.

பொத்தானின் கறுப்புத் தலை உள்ளே போய் வெளியே வந்ததைக் கண்ணாலேயே பார்த்தாள். பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

“நீங்கதானா?”

டிக்.

“சீக்கிரம் முடிச்சுக் குடுக்கலன்னு என்மேல கோவமா?”

டிக். டிக்.

விரிப்பில் முகம் புதைத்து அழுதாள். எத்தனை நாள் கழித்து அவரோடு பேசுகிறாள்! பொத்தானை மட்டும் தொடவில்லை. டாக்டர் சொன்னதைக் கணவர் வாயாலேயே கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“இப்ப வலிக்குதாங்க?”

டிக்.

இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். மழைச் சத்தம். கேட்காமல் போயிருக்குமோ என்று மூச்சை அடக்கினாள். திரையைப் பார்த்தாள். ‘அழுத்தம்: 1’. அவ்வளவுதான்.

இரண்டாவது வரவில்லை.

“ரொம்பவா?”

டிக்.

“போனதுலேர்ந்தா?”

டிக்.

“ஐயோ, நான் என்னங்க பண்ணட்டும்?”

அதற்குப் பதில் சொல்ல அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. அவள் அதற்கு ஆமாமும் இல்லையும் மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. திரையில் வரிகள் நின்றன. போர்டிலிருந்து ஒயரையும் பிய்த்தெடுத்தாள். வெறும் செப்பு முனைகள் கட்டிலிலிருந்து தொங்கின.

திரை வெளிச்சம் தவிர அறை முழுக்க இருட்டு.

டிக்.

அவள் எதுவும் கேட்கவில்லை.

டிக்.

இன்னொன்று சேர்ந்து வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சேர்ந்து வரவில்லை. நிதானமாக, ஒவ்வொன்றாக.

டிக்.

பொத்தானைச் சுற்றியிருந்த விரிப்பு மெல்லச் சுருங்கியது. மடிப்பு மடிப்பாக உள்ளே இழுபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கைப்பிடிக்குள் சிக்கியதுபோல, துணி இறுகிக்கொண்டே போனது.